மேட் சரிசெய்யப்பட்டது

1. ஜாப் கார்டு

ராஜபாளையத்தில் ஒரு கார் டீலரிடம் இருபத்திரண்டு வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். கஸ்டமர் சொல்லும் குறையை ஜாப் கார்டில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் என்ன பெரிய ஆபத்து என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில குறைகள் நம் கண்ணில் படாது. வீட்டில் உறுமிய வண்டி பட்டறைக்கு வந்ததும் சாதுவாக நிற்கும். 'குறை தெரியவில்லை' என்று எழுதினால் கம்ப்யூட்டர் கார்டை முடிக்க விடாது, எதையாவது செய்ததாகக் காட்டியாக வேண்டும். அதற்காக எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி தானாக வேகமெடுக்கிறது என்று யார் சொன்னாலும், 'மேட் சரிசெய்யப்பட்டது, ஓட்டிப் பார்த்ததில் சரி' என்று எழுதிவிடுவோம். காலடி மேட் ஆக்ஸிலரேட்டர் பெடலில் சிக்கியிருந்தது என்று அர்த்தம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன்.

2. மைதீன் பாய்

மைதீன் பாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை. ஒரு நாள் காலை தன் ஆட்டோமேட்டிக் வண்டியில் மனைவி ரஹ்மத் அம்மாவோடு வந்தார்.

"பிரேக்க மிதிச்சுட்டு நிக்கேன் அண்ணாச்சி, வண்டி தானா உறுமி முன்னால இழுக்கு. கிருஷ்ணன்கோவில்ல ஒரு காலேஜ் பஸ்ல போய் முட்டப் பாத்துச்சு" என்றார்.

"அவியளுக்கு ஓட்டத் தெரியலன்னு எழுதிராதீக" என்றார் அம்மா. "நான் பக்கத்துலதான் இருந்தேன். கால் பிரேக்குலதான் இருந்துச்சு."

கதவைத் திறந்து பார்த்தேன். வண்டிக்குள் ஒரு மேட்டுகூட இல்லை.

"என்ன பாய், மேட்டெல்லாம் குளிக்கப் போயிருச்சா?"

"நாந்தான் அலசிக் காயப்போட்டிருக்கேன்" என்று அம்மா சிரித்தார்.

ஸ்கேனரில் குறையைக் காட்டும் ஃபால்ட் கோடு எதுவும் வரவில்லை. சோழபுரம் வரை ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் ஓடியது. அன்று டெலிவரிக்குப் பதினாலு வண்டி காத்துக் கிடந்தது. பாழாய்ப்போன கை வழக்கமான வரியை எழுதிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் பாய் வண்டியை நிறுத்த, கேட்டைத் திறக்க ரஹ்மத் அம்மா இறங்கிப் போனார். பின்னாலிருந்து வண்டி பாய்ந்தது. கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாகப் போலீஸ் பாய் மேலேயே கேஸ் எழுதியது.

3. கோர்ட்டு

பாய், வண்டியைத் தயாரித்த கம்பெனி மேல் ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவளைக் கொன்றது தன் கால் இல்லை, வண்டிதான் என்று யாராவது சொல்ல வேண்டும்.

கம்பெனி இன்ஜினியர் லேப்டாப்போடு எங்கள் பட்டறைக்கு வந்தார். விபத்து நேரத்தில் வண்டியில் பதிவாகியிருந்ததை எடுத்துக் காட்டினார். ஆக்ஸிலரேட்டர் முழுக்க அமுங்கியிருக்கிறது, பிரேக் மிதிபடவே இல்லை.

"அது பெடல் சென்சார் அனுப்புன சிக்னல்தான சார்? அந்தச் சென்சாரே தப்பா அனுப்பியிருந்தா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நீங்க பேசாதீங்க" என்றார்.

மறுநாள் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "அண்ணாச்சி, மேட்ட சரிபண்ணுனதா கார்டுல இருக்கு. அத அப்படியே வாக்குமூலமா குடுத்துருங்க. இல்லன்னா பொய்க் கார்டு எழுதுனதுக்கு ஒங்க வேலைதான் போவும்."

ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. பயந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

மேட் பெடலில் சிக்கும் தொந்தரவு இந்த வண்டியில் முன்பே இருந்தது, அதைச் சரிசெய்துதான் அனுப்பினோம், அதற்குப் பிறகு நடந்ததற்குத் தயாரித்தவர்கள் பொறுப்பல்ல என்று கம்பெனி வக்கீல் என் வாக்குமூலத்தை வைத்தே வாதாடினார். கேஸ் தள்ளுபடியானது.

வராண்டாவில் பாய் என்னிடம் வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம்.

"மேட்டு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமே அண்ணாச்சி. அவ சிரிச்சாளே."

கோர்ட்டு அறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு மேலே பேசினார்.

"கோர்ட்டு கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அது என் காலா? நீங்க சொன்னா நம்புதேன்."

எனக்குத் தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், வண்டியை நிறுத்திவைத்துக் கம்பெனிக்குத் தகவல் போயிருக்கும். பெடல் சென்சாரைக் கழற்றியாவது பார்த்திருப்பார்கள். அந்த அம்மா இன்று உயிரோடுகூட இருந்திருக்கலாம்.

"தெரியாது பாய்" என்றேன்.

"பொறவு என் கால்தான்னு வச்சுக்கிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த மாதமே போலீஸ் கேஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

இப்போது பட்டறைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். செய்ததை மட்டும் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், கார்டு முடியாமல் கிடந்தால் கிடக்கட்டும். ரஹ்மத் அம்மா அலசிக் காயப்போட்ட மேட்டை வண்டிக்குள் நான் சரிசெய்ததாகத்தான் இன்றைக்கும் கோர்ட்டு ரெக்கார்டில் இருக்கிறது.