கமராவும் கதிரையும்

மண்டபம் அடுக்குவது என்றால் கதிரை போடுவதுதானே என்று பலர் கேட்பார்கள். சிரித்துவிடுவேன். கனடாவின் புவாண்ட்-கிளேரில் கூட்டங்களுக்கு மைக், ஸ்பீக்கர், மேசை, கதிரை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவன் நான். ஒரு கூட்டம் நல்லபடி முடிவதும் குழம்பிப் போவதும் யாரை எங்கே இருத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதை எனக்கு உறைக்க வைத்தவர்கள் பிரேசிலில் இருந்து வந்த ஐந்து பேர்.

அன்றைய வாடிக்கையாளர், ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் மிதவை இயந்திரம் செய்கிற ஒரு சிறு நிறுவனம். அமேசன் பக்கத்து முனிசிபியோ ஒன்றின் மேயர் அதை வாங்க விரும்பி நேரில் பார்க்க வந்திருந்தார். முனிசிபியோ என்றால் நம்முடைய நகரசபை அளவு என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாடு மாதிரிப் பல அதற்குள் அடங்கும். நகரம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் காடு, ஆறு, ஆற்றங்கரைக் கிராமங்கள். ஆறு வற்றும் காலத்தில் பெரிய படகும் போகாது, குடிக்க நல்ல தண்ணீரும் இராது. அந்தக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மேயரின் செயலாளர் பிரேசிலில் இருந்து அரைகுறை ஆங்கிலத்தில் போன் எடுத்து ஓடர் கொடுத்திருந்தார். பேசியவன் கார்த்திக், சென்னையில் இருந்து வந்து எங்களோடு சேர்ந்த எஞ்சினியர்.

"அண்ணா, முன் வரிசை முழுக்க கேமராவுக்கு வேணுமாம். மேயருக்கு நேர் எதிரே இருக்கணுமாம்."

"ஏன் தம்பி, ரிவிக்காரர் ஆரும் வருகினமோ?"

"தெரியலண்ணா. கேமரா ஒத்துக்காம மேயரால ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு சொன்னாங்க."

இந்தக் காலத்தில் கமரா ஒத்துக்கொள்ளாமல் கலியாணமே நடப்பதில்லை, மேயர் எம்மாத்திரம் என்று நானும் நினைத்தேன். முன் வரிசைக் கதிரைகளைத் தூக்கிப் பின்னறையில் அடுக்கினோம். அந்த இடத்தில் மூன்று கமராக்களை ஸ்டாண்டில் நிறுத்தினோம். மேடையில் மேயருக்கு மட்டும் ஒரு சாய்மானக் கதிரை. முதலாளி மடாம் லூசி வந்து பார்த்து, "த்ரே பியான்!" என்று மெச்சிவிட்டுப் போனார்.

மேயர் வந்து மேடையில் அமர்ந்தார்; பின் வரிசையை நிறுவனத்து ஆட்கள் நிரப்பிவிட்டார்கள். அடுத்து ஐந்து பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் டோனா மார்லேனி, அறுபதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. மேயரைப் பார்த்தார், கமராக்களைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவர்கள் மொழியில் உள்ளூர்ச் சபைக்குப் பெயர் 'காமரா'. மேயரை வேறாகவும் சபையை வேறாகவும் தேர்தலில் தெரிவு செய்கிறார்கள். சபை கை உயர்த்தாவிட்டால் மேயர் ஒரு படகுகூட வாங்க முடியாது. டோனா மார்லேனி அந்தச் சபையில் எதிர்க்கட்சி. தங்களை நிற்கவைத்து அவமதிக்க மேயர் செய்த வேலை என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மெற்றோ இடையில் நின்றுபோனதால் மொழிபெயர்ப்பாளர் இன்னும் வந்து சேரவில்லை.

ஐவரும் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர்கள் போனால் அந்த வருஷம் இயந்திரம் இல்லை. நிறுவனத்து எஞ்சினியர் "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று பின்னால் ஓடினார். டோனா கையை விரித்து நீளமாகக் கத்தினார். எனக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.

"கதெய்ரா!"

"எட, அந்த மனிசி கதிரை கேக்குது!" என்றேன்.

"அண்ணா, உங்களுக்கு போர்ச்சுகீஸ் தெரியுமா?"

"எனக்கு யாழ்ப்பாணம்தான் தெரியும். ஓடு, கதிரை கொண்டா!"

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் எவ்வளவோ காலம். போகும்போது கதிரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் இரண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்து டோனாவின் முன்னால் வைத்தேன்.

"கதிரை!"

"கதெய்ரா?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

மேசையைத் தட்டி "மேசை" என்றேன். "மேசா!" யன்னலைக் காட்டினேன். "ஜனேலா!" அவர்களில் ஒருவர் காலைத் தூக்கிச் சப்பாத்தைக் காட்டினார். "சப்பாத்து" என்றேன். ஐவரும் வெடித்துச் சிரித்தார்கள். மேயரும் சிரித்தார். டோனா ஒரு முறை முறைத்தார், மேயர் நிறுத்திக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர் வந்து கமராக் கதையைச் சொன்னபோது டோனாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் மேயரின் கதிரையை மேடையில் இருந்து இறக்கச் சொன்னார். எல்லாரையும் வட்டமாக இருத்தினோம்.

பிறகு அவர் கேட்ட கேள்விகளில் மேயர் திணறினார். மேயருக்கு இயந்திரம் நகரத்துப் படகுத்துறையில் நிற்க வேண்டும், வாக்குகள் அங்கேதான். "ஆறு வற்றினா மேல் கிராமத்துச் சனம் என்னத்தைக் குடிக்கிறது?" என்று டோனா கேட்டாராம். சிறு படகால் இழுத்துப் போகக்கூடியதாக அடிப்பாகத்தை மாற்றித் தரலாம் என்றார் நிறுவனத்து எஞ்சினியர். அப்படியென்றால் ஊருக்குப் போய்க் கை உயர்த்துகிறோம் என்றார்கள் ஐவரும். எனக்கும் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

விடைபெறும்போது டோனா தன் கதிரையின் முதுகைத் தட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்: "எங்கட சபையில கதிரை பிடிக்க எனக்கு எத்தனை தேர்தல் எடுத்தது தெரியுமோ? இஞ்ச கேட்ட உடன ஒருத்தர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யார் வருகிறார்கள் என்று பெயரை மட்டும் கேட்காதீர்கள்; வந்தால் நிற்பார்களா, கதிரையில் இருப்பார்களா என்றும் கேளுங்கள். கமரா நிற்கும். காமரா இருக்கும்.

சில மாதங்கள் கழித்து நிறுவனத்தினர் ஒரு படம் அனுப்பினார்கள். வற்றிய ஆறு, கரையெல்லாம் சேறு, நடுவில் மிதவை, வாளிகளோடு பெண்கள். மிதவையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. கனடாவில் இருக்கும் கதிரைக்காரர் வந்தால் இருக்கட்டும் என்று டோனா சொல்லி விட்டிருந்தார்.