‘அனாத’ என்று பாடிய இருவர்

முன்பின் தெரியாத ஜப்பான்காரர்கள் இரண்டு பேர் எங்கள் காரைக்கால் வீட்டில் சண்டை மூட்டினார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

அண்ணன் கப்பல் வேலைக்குப் போகும்வரை மாதா கோயிலில் அவனும் நானும்தான் பாடுவோம். எனக்கு மேல் குரல், அவனுக்குக் கீழ்க் குரல். எழுபதுகளின் கடைசியில் விடுப்பில் வந்தவன், ஜப்பானில் வாங்கிய டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தான். அட்டையில் தலைமுடி வளர்த்த இரண்டு பேர், ஆளுக்கொரு கிட்டாருடன்.

"ரயிலடியில நின்னு பாடிக்கிட்டிருந்த பயலுவ. இப்ப ஊரே இவங்க பின்னால சுத்துது. நம்மள மாதிரியே ரெட்டைக் குரலு, கேளேன்."

ஒரு பாட்டில் ‘அனாத, அனாத’ என்று திரும்பத் திரும்ப இழுத்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"செபமாலை சொல்ற நேரத்துல அனாதயாம்ல அனாத! நிறுத்துடி அந்தச் சனியன!"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். திட்டு வாங்கியது நான்; அந்தச் சிரிப்புக்காகவே அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்.

அவன் கப்பலுக்குத் திரும்பியபின் அடுத்த கேசட் தபாலில் வந்தது. அட்டையில் இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து தகவலே இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன்.

ஒருநாள் மாலை, அவனோடு கப்பலில் இருந்த திருமலைராயன்பட்டினத்துக்காரர் அவன் பெட்டியோடு வந்து நின்றார். ஜப்பானில் துறைமுகத்தில் இறங்கிப் போனவன் திரும்பவே இல்லையாம். தேடியும் கிடைக்கவில்லையாம். பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே மூன்றாவது கேசட் கிடந்தது. அட்டையில் ஒருவன்தான் இருந்தான்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருத்தன் எங்கப்பா?"

"பிரிஞ்சிட்டாங்கம்மா. அவரு எங்க போனாருன்னே யாருக்கும் தெரியலங்க."

போட்டுக் கேட்டோம். அதே பழைய பாட்டு. ஆனால் இரண்டு குரல்கள்! படத்தில் இல்லாதவன் கீழ்க் குரலில், அவசரமே இல்லாமல், ‘அனாத’ என்றான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நிறுத்தச் சொல்லவில்லை.

"ஒருத்தரே ரெண்டு குரலயும் பாடிச் சேத்துருக்காரும்மா" என்றார் வந்தவர். "அது அனாத இல்லங்க. அவங்க பாஷையில ‘நீ’ன்னு கூப்புடுறது."

அன்றிலிருந்து தினமும் செபமாலை முடிந்ததும் அம்மாவே அதைப் போட்டாள். கல்லறைத் திருநாள் வந்தது. அண்ணனுக்கு ஆத்துமப் பூசை கொடுக்கச் சொல்லி உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். "அவன் செத்தத எவ பாத்தா?" என்று சீறினாள். துக்க வீடு, கிறிஸ்துமஸுக்குப் பாடாதே என்று என்னிடம் யாரோ சொன்னதற்கு, "அவன் எடத்த விட்டுட்டு உம் பாட்ட மட்டும் பாடுடி" என்றாள்.

கிறிஸ்துமஸ் பூசையில் அப்படியே பாடினேன். அண்ணனுடைய வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, வாழ்நாளில் பாடியே இராத அம்மா, ஓங்கிய குரலில் ‘அனாத’ என்றாள்.

எல்லோரும் திரும்பி அவளை ஐயோ பாவம் என்று பார்த்தார்கள். அவள் கூப்பிடுகிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டேன்.