தோட்டத்துத் துரை வண்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புல் வெட்ட அவ்வப்போது ஓர் ஆள் வருவார். திருவொற்றியூரில் மாடி மேல் மாடி கட்டி, நடுவில் புல்லும் வளர்ப்பார்கள் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன இயந்திரம் அவருடையது. போன வாரம் அது கிளம்ப மறுத்தது. கயிற்றை இழுக்கிறார், இருமுகிறது, நிற்கிறது. மறுபடி இழுக்கிறார். பெட்ரோல் வாசனை என் பால்கனி வரைக்கும் வந்துவிட்டது. துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பெட்ரோல் ஜாஸ்தியா ஏறிடுச்சுப்பா, பிளக்கைக் கழட்டித் தொடச்சிட்டு இழு" என்று கத்தினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். கழற்றினார், துடைத்தார், இழுத்தார். கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வைக்கிறார். ஆனால் வாழ்நாளில் ஒரு ஸ்பேனரைக்கூடப் பிடித்தவள் இல்லை நான். எல்லாம் காதில் விழுந்த ஞானம்தான்.

அந்த ஞானம் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு தொழிற்சாலையில் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் அங்கே எஸ்டேட் பிரிவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எஸ்டேட் என்றதும் தேயிலை, மலை என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டுதான் முதல் நாள் போனேன். குடியிருப்புக் குழாய், சாக்கடை, தோட்டம் மூன்றையும் பார்த்துக்கொள்கிற பிரிவு என்று போன பிறகுதான் தெரிந்தது. ஆனால் புல்தரை மட்டும் நிஜமாகவே பெரியது. அதுவரை நான் புல்லைப் பார்த்தது இரண்டு இடத்தில்தான்: காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம், ரயில் தண்டவாள ஓரம். இங்கேயோ ஆபீஸ் வாசலிலிருந்து கடற்கரைப் பக்கச் சுவர் வரைக்கும் விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. காலையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் அதன்மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும். தண்ணீர் பீய்ச்சிய பிறகுதான் பச்சை தெரியும்.

அதை வெட்டுவதற்கு ஒரு குட்டி டிராக்டர் இருந்தது. வெள்ளைக்கார மேனேஜர்கள் இருந்த நாளில் கப்பலில் வந்ததாம். அதனால் பெயர் துரை வண்டி. ஒரே சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், இரும்பு சீட், அடிவயிற்றில் சுழலும் கத்தி. பெரிய டிராக்டருக்குப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டதால் உதிரிப்பாகம் எதுவும் கிடைக்காது. கண்டென்சர் ஸ்கூட்டரிலிருந்து வந்தது. பெல்ட் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் யாரோ எதற்கோ வைத்திருந்தது. இன்ஜின் பாகங்களுக்கு நடுவே வைக்கிற கேஸ்கட்டை எட்வின் அண்ணன் தானே தயாரிப்பார். பேக்கிங் ஷீட்டை இன்ஜின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனால், கத்தரிக்கோல் இல்லாமலே அச்சு விழுந்துவிடும்.

எட்வின் அண்ணன் வொர்க்‌ஷாப் ஃபிட்டர். ராயபுரத்துக்காரர். மனைவி இறந்து பல வருடமாகிவிட்டது. மாதா கோயிலுக்குப் பின்னால் அக்கா வீட்டோடு இருந்தார். வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. உப்புக்காற்றில் துரை வண்டியின் ஒவ்வொரு திருகும் துருப்பிடிக்கும். சாம்பல் போய் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அவர் அதை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டுகிறவர் போல முகம் சாந்தமாக இருக்கும்.

பழைய டிரைவர் ரிடையர் ஆனதும் அந்த வண்டியை ஓட்ட ஆண்கள் யாரும் முன்வரவில்லை. லாரி ஓட்டுகிற கை பொம்மையை ஓட்டுமா என்று கௌரவம். கேட்டது கஸ்தூரி அக்கா. வியாசர்பாடியிலிருந்து வந்து புல் நடுவே குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர். புருஷன் முறையாக விலகிப்போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு நாளாகியிருந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. "ஒக்காந்து ஒக்காந்து முட்டி தேஞ்சிச்சு. ஒக்கார்றதுதான் ஒக்கார்றேன், அந்த சீட்டுல ஒக்காந்துட்டுப் போறேன்" என்றார் என்னிடம். அப்போதிருந்த ஆபீசர் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். ஒரு வாரத்தில் அக்கா கோடு போட்ட மாதிரி வெட்டக் கற்றுக்கொண்டார். சேலை மேல் காக்கிச் சட்டை, தலையில் துண்டு. ஆபரேட்டர் என்று பதவிப் பெயர் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் மிக்சர் வாங்கிக் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகுதான் துரை வண்டிக்கு அந்த வியாதி வந்தது. சாயங்காலம் நன்றாக ஓடி ஷெட்டுக்குப் போகும், காலையில் கிளம்பாது. வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள். கஸ்தூரி அக்கா ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்.

"பாப்பா, பட்த்துகிச்சு. ஃபிட்டருக்கு ஒரு போன் போடு."

நான் வொர்க்‌ஷாப்புக்கு போன் போடுவேன். "வந்துகினே கீறேம்மா" என்பார் எட்வின் அண்ணன். போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் ஆள் ஏற்கெனவே கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருப்பார். இவ்வளவு வேகமாக நடக்கிறாரே, தொழில் பக்தி என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் வேப்பமரத்தடியில் ரிப்பேர் நடக்கும். ஜன்னல் வழியே பேச்சு கேட்கும்.

"இன்னா ஃபிட்டரே, அத்தத் திருகுற, இத்தத் திருகுற. கெளம்புமா, கெளம்பாதா?"

"கெளம்பும். அவசரப்பட்டா ஆவுமா?"

"எனக்கின்னா அவசரம்."

பிளக், கார்புரேட்டர், மேக்னட்டோ, பெட்ரோல் ஏறிப்போவது எல்லாம் இப்படித்தான் என் காதில் ஏறின. நடுநடுவே அவருடைய அக்கா வைக்கிற மீன்குழம்பு, கஸ்தூரி அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது, முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்பதும் ஏறின. கஸ்தூரி அக்கா ஒரு டிபன் டப்பா கூடுதலாகக் கொண்டுவர ஆரம்பித்தார். அதிலிருந்த வஞ்சிர வறுவலில் எனக்கும் ஒரு துண்டு வரும். மீன் தின்றேனே தவிர மூளை வேலை செய்யவில்லை.

புதிதாக ஓர் ஆபீசர் வந்தார். கறாரானவர். எதுவும் சுத்தமாக, நேராக இருக்க வேண்டும். துரை வண்டி அடிக்கடி நிற்பதைப் பார்த்து, பழைய இரும்புக்கு அனுப்பிவிடலாம், ஒப்பந்தக்காரர் ஆளும் மெஷினும் கொண்டுவந்து வெட்டிவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்தார். கஸ்தூரி அக்காவைக் கூப்பிட்டு, "நீங்க திரும்பக் களை எடுக்கப் போயிடுங்க" என்றார்.  அக்கா வெளியே வந்து என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

விஷயம் வொர்க்‌ஷாப்புக்குப் போனது. எட்வின் அண்ணன் யாரும் போன் போடாமலே வந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஆபீசர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே கஸ்தூரி அக்கா. கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

"சார், வண்டி மேல தப்பு இல்ல. நல்ல இன்ஜின் சார் அது. நான்தான் நிறுத்தினேன்."

"என்ன சொல்றீங்க?"

"சாய்ந்தரம் ஷெட்டுக்குப் போயி, மேக்னட்டோ பாயிண்ட் இடுக்குல சின்னதா ஒரு பேப்பர் வெச்சிருவேன். கரண்ட் பாயாது. காலைல வந்து எடுத்துருவேன்."

"எதுக்கு?"

எட்வின் அண்ணன் கிரீஸ் கையைத் தொடையில் துடைத்தார். பிறகு மெதுவாக, "இந்தப் பக்கம் வர்றதுக்கு சார்" என்றார்.

தொழிற்சாலையில் இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்துவது வேலையே போகிற குற்றம். அது அவருக்கும் தெரியும். நான் டைப்ரைட்டரை விட்டு எழுந்து ஆபீசர் அறை வாசலுக்கே வந்துவிட்டேன். அப்போது கஸ்தூரி அக்காவின் குரல் கேட்டது. வழக்கமான சத்தம் இல்லை.

"அவர மட்டும் சொல்லாதீங்க சார். எனக்குத் தெரியும். மூடியக் கழட்டிப் பாத்து மழைக்கு முன்னாலயே கண்டுபுட்ச்சிட்டேன். எடுத்துப் போட்டுட்டு ஓட்டிகினு போயிருக்கலாம். திரும்பி வெச்சி மூடிட்டுத்தான் போன் போடச் சொல்வேன்."

எட்வின் அண்ணன் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகே போதும். கறார் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "போன் போட்டது நீதானே? உனக்கும் தெரியுமா?" என்றார்.

"சத்தியமா தெரியாது சார்" என்றேன். அவர் நம்பவில்லை. இன்றுவரை யாரும் நம்பவில்லை.

எட்வின் அண்ணனைக் கொஞ்ச நாள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு பாய்லர் பக்கம் மாற்றினார்கள். அந்த வெக்கையில் மனிதர் கறுத்துப்போனார். வண்டி பிழைத்தது. ஆனால் அதன்பிறகு அதை யாரும் தொடக் கூடாது என்று கஸ்தூரி அக்கா தானே பார்த்துக்கொண்டார். ஆயில் மாற்றுவது, பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, கத்தி தீட்டுவது எல்லாம் அவர்தான். கேட்டு வாங்கிய ஆபரேட்டர் பெயர், கையை விட்டுப் போகக் கூடாது என்பதில் அவ்வளவு உறுதி.

கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. சாட்சிக் கையெழுத்து என்னுடையதும் ஒன்று. புத்தர் படத்துக்கு விளக்கேற்றுகிற வீட்டுப் பெண்ணை மாதா கோயில் தெருவுக்குக் கூட்டி வருவதா என்று எட்வின் அண்ணனின் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். கஸ்தூரி அக்காவின் அண்ணனும் வரவில்லை. நாங்கள் நாலைந்து பேர் ராயபுரத்தில் ஒரு ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டோம். மாப்பிள்ளை வழக்கம்போலப் பேசவில்லை. "நீ இன்னா ஃபிட்டரே, இன்னிக்காவது வாயத் தொற" என்றார் பெண்.

தொழிற்சாலை சில வருடங்களில் மூடப்பட்டது. துரை வண்டியை எடுக்கப் பழைய இரும்புக்காரரின் லாரி வந்தது. ஆட்கள் கயிறு கட்டி இழுக்கப் பார்த்தார்கள். கஸ்தூரி அக்கா விலகச் சொன்னார். இன்ஜினைக் கிளப்பி, பலகை மேல் ஏற்றி, லாரிக்குள் நேராக ஓட்டி நிறுத்தினார். இறங்குமுன் குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். நிறுத்தி வைக்கும்போது மூடாவிட்டால் ஒழுகும். உடைக்கப் போகிற வண்டிதான். ஆனாலும் மூடினார்.

எட்வின் அண்ணன் அப்புறம் காசிமேட்டில் படகு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை. அவர் போன பிறகு, பேச்சை நிறுத்திய அந்த அக்காவே கஸ்தூரி அக்காவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டார். இரண்டு கிழவிகளும் டிவி சத்தத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

சமீபத்தில் கஸ்தூரி அக்காவோடு ஆட்டோவில் எண்ணூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னார். உள்ளே கன்டெய்னர் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வானம் வரைக்கும். தரை முழுக்க கான்கிரீட். வேப்பமரம் இல்லை, கடலோரச் சுவர் இல்லை, ஆபீஸ் இல்லை.

"ஷெட்டு எங்க இருந்திச்சு, இங்கயா?" என்றார்.

"இல்லக்கா, அந்தச் செவப்புப் பெட்டி இருக்குதே, அங்க."

"போ பாப்பா. அது உன் ஆபீஸ் எடம். ஷெட்டு இந்தாண்ட."

நான் ஒரு பக்கம் கை காட்டினேன், அவர் வேறு பக்கம் கை காட்டினார். அடையாளத்துக்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்க வேறு ஆளும் இல்லை. பின்னால் டிரெய்லர் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. ஆட்டோக்காரர் வண்டியை எடுத்துவிட்டார்.