மூன்று மணிக்கு மாடியில் டீ

மாடியில் டீ கொடுப்பவனுக்குக் கை இரண்டு போதும், கண்தான் முதுகிலும் ஒன்று வேண்டும். தட்டு ஏந்திப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று எல்லைச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள். திருப்பதி ஸ்டேஷன் அருகே பெரிய ஓட்டல். கீழே இட்லி, காபி. மாடியில் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை துரைமார் பாணியில் டீ. முதலாளி பெங்களூரில் எங்கேயோ அப்படிக் குடித்துவிட்டு வந்து, ஆசைப்பட்டு ஆரம்பித்தது. பிரம்பு நாற்காலி, வெள்ளை விரிப்பு, பீங்கான் கெண்டி, பூப்போட்ட கோப்பை, மூன்று அடுக்குத் தட்டு. அடித்தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுவில் பிஸ்கோத்து, உச்சியில் கேக். கீழே ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடும் காசு, மாடியில் ஒருவருக்கு.

இதைப் பரிமாறத் தெரிந்தவன் அப்போது அங்கே நான் ஒருவன்தான். அரக்கோணத்தில் ரயில்வே துரை பங்களாவில் எட்டு வருடம் பட்லர் வேலை பார்த்தவன். துரை கப்பல் ஏறினார். நான் திருப்பதி வந்தேன். முதலாளி பேரைக் கேட்டார். துரைசாமி என்றேன். ஊரைக் கேட்டார். நகரிப் பக்கம் என்றேன். தட்டைப் பிடித்துக் காட்டு என்றார். காட்டினேன். அதோடு நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சேரிக்காரன் என்று தெரிந்திருக்கும். மலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் என் கையால் தண்ணீர் வாங்குவார்களா? முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்துப் படி இறக்கிவிடுவார்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்ப்பேன். யார் வந்தாலும் ஒருவர் வரக் கூடாது என்று தினம் வேண்டிக்கொள்வேன். எங்கள் ஊர் மணியக்காரர். என் நைனா அவர் நிலத்தில்தான் ஏர் ஓட்டினார்.

வாய் வைக்காமல்

புத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். கிணறு வெட்டித் தண்ணீர் கண்டுவிட்டாராம். அந்தச் சந்தோஷத்தில் தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொள்ள வந்திருந்தார். தோளில் ஜரிகைத் துண்டு. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இதுக்கு முன்ன எவன் வாய் வெச்சானோ?" என்றார். கழுவியதுதான் என்றேன். காலையில் டீத்தூள் ருசி பார்க்க அந்தக் கோப்பையில் வாய் வைத்தவன் நான்தான். சொல்லவா முடியும்?

மனுஷர் அண்ணாந்தார். கோப்பையைச் சாண் உயரம் தூக்கி வாயில் ஊற்றினார். சொம்பு ஊற்றும், டம்ளர் ஊற்றும். அகன்ற வாய்க் கோப்பை ஒரே தாரையாகவா ஊற்றும்? மூக்கில் கொஞ்சம், காதில் கொஞ்சம், மீதி ஜரிகையில். சூடு வேறு. துணியோடு ஓடினேன். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. கோப்பையைத்தான் முறைத்தார். "வாய் வெச்சிக் குடிக்கிறவன் செஞ்ச சாமான்யா இது. ஒருத்தன் சுத்தமா இருந்தா இதுக்குப் பொறுக்கலே."

எதிர்மேசை

சித்தூரிலிருந்து ஒரு வாத்தியார், புது மனைவியோடு. எதிர்மேசையில் சூளூர்பேட்டை வியாபாரி ஒருவர், அவரும் மனைவியோடு. இரண்டு மேசையிலும் அடுக்குத் தட்டை வைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. டீ ஆறிவிட்டது. ஈ மட்டும் கேக்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எனக்கு உதைத்தது. ருசி சரியில்லையா, அல்லது என்னைப் பற்றி ஏதாவது பேச்சா? கிட்டே போய்க் காது கொடுத்தேன். விஷயம் அது இல்லை. எந்தத் தட்டில் முதலில் கை வைப்பது என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. எதிரே இருப்பவர்கள் எடுத்தால் அதைப் பார்த்து எடுக்கலாம் என்று காத்திருக்கிறார். எதிரே இருப்பவரும் வாத்தியாரைப் பார்த்துக் காத்திருக்கிறார். படித்தவர் என்று நம்பிக்கை. நாலு பேரும் சிரித்த முகத்தோடு பட்டினி. எனக்குப் பொறுமை கிடையாது. "கீழேயிருந்து மேலே, எடுங்க!" என்று இரண்டு மேசைக்கும் பொதுவாகக் கத்தினேன். வாத்தியார் மனைவிக்கு உயிர் வந்தது. "நல்ல வேளை சொன்னீங்க. ஏதோ படையல், யாராவது வந்து கற்பூரம் காட்டுவாங்கன்னு இருந்தோம்."

முட்டை

பலமனேர் காய்கறி மண்டிக்காரர். காலையில் தரிசனம், மதியம் தூக்கம், மூன்று மணிக்கு மாடி. கேக்கில் பாதி போன பிறகுதான் சந்தேகம் வந்தது. வாயை அப்படியே நிறுத்திக்கொண்டு, கன்னம் உப்ப, என்னைக் கையால் கூப்பிட்டார். "முட்டை போட்டுதா?"

இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. திருப்பதியில் முட்டை போட்டால் முதலாளி கடையை மூட வேண்டியதுதான். அவர் நம்பவில்லை. மென்றது மென்றபடி வாயில் நிற்கிறது. "சத்தியமா?" என்றார். சத்தியம் செய்தேன். "செஞ்சது யாரு?" என்றார். உள்ளே உடுப்பி ஐயர் என்றேன். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். விரிப்பைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவரோ விழுங்கினார். தண்ணீர் குடித்தார். நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "அதான் கேக்கணும். செஞ்சவன் யாருன்னு தெரிஞ்சா போதும், தூக்கிக்கினு வர்றவன் எவனா இருந்தா நமக்கின்னா?"

எந்த ஊர், யார் வீடு

எல்லை விசாரணைக்கு அதிகாரி வந்திருந்தார். மனு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் தமிழ் மேசை, அந்தப் பக்கம் தெலுங்கு மேசை. கீழே போனால் மட்டமாக நினைப்பார்கள் என்று இரண்டு கோஷ்டிக்கும் பயம். இங்கே தமிழ் பேசி ஊற்றினேன், அங்கே தெலுங்கு பேசி ஊற்றினேன். இரண்டு பேரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். "நீ எந்தப் பக்கம்யா?" என்று கேட்டார் தமிழ் மேசைக்காரர் ஒருவர். நகரி என்றேன். "நகரில?" ஊரைச் சொல்லித் தொலைத்தேன். "அட, எங்க மாமியார் ஊரு! அந்த ஊர்ல யாரு வூடு நீ?"

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். உள்ளே பால் அடுப்பிலேயே ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கம் போய் நின்றுகொண்டேன். கூட வேலை செய்த கேசவுலுதான் அந்த மேசையை முடித்து அனுப்பினான். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தெலுங்கு வீடு, தமிழ்த் தெரு. காலித் தட்டுகளோடு வந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஊரைக் கேட்டா நின்னு பதில் சொல்றே, வூட்டைக் கேட்டா ஏன் அண்ணா ஓட்றே?"

மழை நாள்

ஐப்பசி அடைமழை. மாடியில் ஒரு தலை இல்லை. முதலாளி சித்தூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஆறு வருடமாக ஊற்றுகிறோமே, ஒரு நாள் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. ஜன்னலோர மேசையில் எனக்கு நானே எல்லாம் எடுத்து வைத்தேன். கெண்டி, பால், சர்க்கரைக் கட்டி, மூன்று அடுக்கு. நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு முதுகை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நுனியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

படியில் சத்தம். மீதி டீயை ஒரே மடக்கில் விழுங்கினேன். நாக்கு வெந்தது. கேக் சட்டைப் பையில். எழுந்து நின்று மேசை துடைக்கிற மாதிரி துடைத்தேன். வந்தது கேசவுலு, ஒழுகுகிற குடையோடு. நகர்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். ஆவி பறக்கிற காலிக் கோப்பையைப் பார்த்தான். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. "ஊருக்கே உக்காந்து குடிக்கக் கத்துக்குடுக்கறே, உனக்கு மட்டும் நின்னுக்கினு குடிச்சாத்தான் உள்ள எறங்குமா அண்ணா?"

மொட்டை

எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம், எங்கள் ஊர் இந்தப் பக்கம். அந்த மாதம் மலையில் வேண்டுதல் தீர்க்க வந்தவர்கள் அதிகம். மாடிக்கு ஒரு நாளைக்குப் பத்து மொட்டை வரும். மொட்டைகளைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. நான் படியில் தேடியது ஒரு மீசையைத்தான். மணியக்காரர் மீசை ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி இருக்கும். அதைக் கண்டால் பின்வாசல் வழியாக இறங்கிவிடுவது என்று முதல் நாளே வழி பார்த்து வைத்திருந்தேன்.

அன்று வந்தவர் தனி ஆள். தலையெல்லாம் சந்தனம், முகம் மழுமழு. கோவிந்தா போட்டுத் தொண்டை கட்டிப் போயிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இது இன்னாப்பா, மூணு மாடி?" என்றார். கீழேயிருந்து மேலே என்றேன். கரண்டியைக் கோப்பையிலேயே விட்டுக் குடிக்கப் போனார். "அதை எடுத்து வையுங்க, கண்ணைக் குத்தும்" என்று அதட்டினேன். எடுத்து வைத்தார். கை நடுங்கியது. மலையேறிய களைப்பு. கோப்பை ஆடவே, நான் குனிந்து அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். குடித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோப்பையை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து." ஊற்றினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மடையன்.

முதலாளி வந்து எதிரே உட்கார்ந்தார். பக்தர்களிடம் நாலு வார்த்தை பேசுவது அவர் வழக்கம். "ஏ ஊரய்யா மீதி?" என்று தெலுங்கில் ஊரைக் கேட்டார். அவர் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். நான் கெண்டியை மேசையில் வைத்துவிட்டேன். அந்த மழுமழு முகத்தில் மனசாலே ஒரு மீசையை ஒட்டிப் பார்த்தேன். மணியக்காரரேதான். ஊரில் அவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட வேண்டும். அதட்டிவிட்டேனே! முதலாளி விடவில்லை. "அட, நம்ம துரைசாமியும் அந்தப் பக்கம்தானே! தெலுசா உங்களுக்கு?"

பின்வாசல் எந்தத் திசை என்றே மறந்துபோனது. பிள்ளைகள் மூன்றும் கண் முன்னால் வந்து நின்றன. மணியக்காரர் கோப்பையில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். வாயைத் துடைத்தார். "எங்க பக்கம் தொரசாமிங்களா? தடுக்கி வுழுந்தா ஒரு தொரசாமி. எல்லாரையும் எனக்குத் தெரியுமா?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பாத்தா நல்ல வூட்டுப் புள்ளையாட்டம் கீறான்" என்று சேர்த்தார். முதலாளிக்குப் பரம திருப்தி. எழுந்து போனார்.

படிவரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நாக்கு நுனியில் 'ஆண்டே' வந்தது. விழுங்கினேன். "எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்றேன். "கோப்பைய புடிச்சே பாரு, அப்டியே உங்க நைனா கையி. அதுக்குள்ள மொத மடக்கு உள்ள பூட்டுது." பிறகு ஏன் இரண்டாவது கோப்பை என்று கேட்டேன். "போனது போச்சி. டீ நல்லா இருந்துச்சி" என்றார். இரண்டு படி இறங்கினார். யாராவது வருகிறார்களா என்று கீழே ஒரு பார்வை, மேலே ஒரு பார்வை. அவருக்கும் வேர்த்திருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் வாயைத் திறந்தால் என் வேலை மட்டுமா போகும், ஊரில் அவர் தலையும் நிமிராது. விரலை நீட்டிச் சொன்னார்: "தொரசாமி, நீ என்னைப் பாக்கலே. நானும் டீ குடிக்கலே. புரிஞ்சுதா?"

அதற்குப் பிறகு அவர் வருடா வருடம் மொட்டை போட வந்தார். அதில் சாமிக்கு எத்தனை, டீக்கு எத்தனை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.