ஊத்து மேட்டுக்கு ஒரு ரோவர்

அட்டை மேல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது: ரோபோவுக்கு ரத்தம் கிடையாது!

அட்டை சுருண்டு விழுந்தது. நான் எழுந்து குதித்தேன். அட்டை கடித்த கால் என்னுடையது இல்லை, அம்மாவுடையது. குதித்த வேகத்தில் உப்பு டப்பா கவிழ்ந்து திட்டும் விழுந்தது.

மலைமேல், ஆனைக்கரைக்குப் பக்கத்தில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. மேட்டில் ஒரு ஊத்து இருக்கிறது. அங்கிருந்து கறுப்பு ஓஸ் குழாய் வழியாகத் தண்ணீர் தானாக இறங்கி வீட்டுத் தொட்டிக்கு வரும். மழைக்காலத்தில் ஓஸின் வாயை இலையோ தவளையோ அடைத்துக்கொள்ளும். யாராவது ஏறிப் போய் எடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன், லீவுக்குத்தான் வருவேன். வந்தாலும் அட்டை என்றால் எனக்குக் குலை நடுங்கும். ஆக, அம்மாதான். போன மாதம் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, துணி பிழியக்கூட முடியாமல் கிடந்தாள். திங்கட்கிழமை நான் கல்லூரிக்குத் திரும்புவதற்குள் அம்மா அந்த மேட்டில் ஏறுவதை நிறுத்தியாக வேண்டும்.

விண்வெளிக்கு மனிதன் எதற்கு என்று கல்லூரியில் தொண்டை கட்டும்வரை வாதாடியவள் நான். மனிதனை அனுப்பினால் காற்று, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் கூடவே அனுப்ப வேண்டும். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். ரோபோ அங்கேயே கிடந்தாலும் அதற்காக அழ ஒரு அம்மா கிடையாது. செவ்வாய் கிரகத்துக்குப் பொருந்தும் நியாயம் எங்கள் மேட்டுக்குப் பொருந்தாதா?

புராஜெக்டுக்குச் செய்த ஆறு சக்கர ரோவர் வண்டி பையில் இருந்தது. அதன் முதுகில் அப்பாவின் பழைய போனைக் கட்டினேன். படத்தை அனுப்புவதும் என் கட்டளையை வாங்குவதும் அந்தப் போன்தான். ஓஸ் வாயைக் கிளற முன்னால் ஒரு கம்பிக் கொக்கி.

"இதுக்கு டீ, காப்பி வேணாமா?" என்றார் அப்பா.

"சார்ஜ் போதும்ப்பா."

"அப்ப உன்னவிடச் செலவு கம்மி."

ஞாயிறு காலை ஏவினோம். நான் பத்திலிருந்து தலைகீழாக எண்ணினேன், அப்பா விசிலடித்தார். ஏலச்செடிகளுக்கு நடுவே வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறியது. எங்கள் மேட்டில் போன், அடிவாரத்துக் கம்பம் ஊர் டவரைத்தான் பிடிக்கும், அதுவும் மனசு வைத்தால். இடது என்று என் போனில் நான் அழுத்தினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

"செவ்வாய்க்குச் சிக்னல் போய்ச்சேர நிமிஷக்கணக்குல ஆகும்ப்பா. இது எவ்வளவோ தேவலை."

"அது செவ்வாய். இது நம்ம மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடிடி."

ஊத்து வந்தது. திரையில் ஓஸின் வாய். அதில் ஒரு நண்டு சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். கொக்கியை நீட்டினேன். அப்போது திரையின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒன்று நெளிந்து வந்து நடுவில் ஒட்டிக்கொண்டது. படம் இருட்டு.

அட்டை.

வண்டிக்கு ரத்தம் இல்லாவிட்டால் என்ன, போன் சூடாக இருந்ததே! சூட்டைத் தேடி ஏறி, நேராகக் கேமராக் கண்ணிலேயே குடியேறிவிட்டது.

"இப்ப அதைக் கூட்டிட்டு வர யாரு போறது?" என்றார் அப்பா.

நான் மேட்டைப் பார்த்தேன். என் காலைப் பார்த்தேன். அதற்குள் அம்மா, முனையில் உப்புத் துணி கட்டிய குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது. திரை முழுக்க அம்மாவின் மூக்கு.

"ஏண்டி, நான் தெரியிறனா?"

"தெரியுதும்மா! பாத்து, வழுக்கும்!"

நண்டை இரண்டு விரலால் தூக்கி, அதற்கும் ஏதோ புத்தி சொல்லி, தள்ளி விட்டாள். இங்கே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். வேலை முடிந்தது. ஆனால் அம்மா இறங்கவில்லை. போனை மறந்துவிட்டாள் போல. பாறையில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டு, பனி விலகி அடிவாரம் தெரிவதை வேடிக்கை பார்த்தாள். காலை ஆட்டினாள். எதையோ முணுமுணுத்துப் பாடினாள். அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மா! வரலையா?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "அடச்சீ! இங்கயும் கூப்பிட ஆரம்பிச்சிட்டியா? அது எங்க, இது எங்கன்னு யாரும் என்னயக் கேக்காத ஒரே எடம் இதுதான். இதுக்கும் ஒரு வண்டிய அனுப்பிட்ட!"

"நீ வழுக்கி விழறியேம்மா."

"விழுந்தா எந்திரிக்கிறேன். எனக்குப் பதிலா இதை ஏத்தாத. வேணும்னா நீ ஏறி வந்து பாரு."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் காலேஜ் வாதத்துல இந்தப் பாயிண்ட் இருந்துச்சா?"

இல்லை. மனிதன் போக வேண்டியிருக்கிறதா என்றுதான் சண்டை போட்டோம். அவனுக்குப் போக ஆசையா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் அந்த வீங்கிய மணிக்கட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் நாளைய பஸ்ஸைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். காலையில் ஊத்துவரைக்கும் வழியெல்லாம் கைப்பிடிக் கயிறு கட்டப்போகிறோம். கயிற்றுச் சுருளையும் உப்பு டப்பாவையும் வண்டி சுமக்கும். ஆனால் மரத்துக்கு மரம் முடிச்சுப் போட அதற்குக் கை கிடையாதே. அந்த வேலைக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக சாக்ஸ் மாட்டிக்கொண்டு, நான் பின்னால் ஏறுகிறேன். முதல் தடவையாக.

வண்டியின் கேமராவை என் பக்கம் திருப்பி வைக்க வேண்டுமாம், என் போன் அம்மாவிடம் இருக்குமாம். "நீ கத்துறத நான் வாசல்ல உக்காந்து பாக்கணும்."