தோல் படாத சேணம்

குணலட்சுமி கலியாணம் செய்து மருதனார்மடத்துக்கு வந்தபோது அவளுடைய உலகம் சின்னது. சமையல், தையல், வெள்ளிக்கிழமையில் கோயில். புருஷன் சோமசேகரம் சந்தியில் கொட்டில் போட்டுக் காருக்கும் வானுக்கும் குஷன் தைக்கிறவர். வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் நாலு சீற்றுக்கு உறை தைத்து முடித்துவிடுவார். அந்த வீட்டில் சைவம் என்றால் சும்மா சைவமில்லை. தோல் செருப்பு வாசற்படலையைத் தாண்டி வராது.

எண்பத்து நாலில் தர்மினி பிறந்தாள். லட்சணமான பிள்ளை. மூன்று வயதாகியும் ஒரு சொல் கதைக்கவில்லை. தூக்கினால் கத்துவாள், சீப்பால் தலை இழுத்தால் கத்துவாள், சட்டி நிலத்தில் உரசினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். பெரிய டொக்டரிடம் கொண்டு போனார்கள். வளர வளரச் சரிவரும் என்றார். கோயிலில் நூல் கட்டினார்கள். நூலைக் கடித்துத் துப்பினாள். ஊர் வந்து பார்த்துவிட்டு, தாய் என்ன பாவம் செய்தாளோ என்று படலையடியில் நின்று கதைத்தது. ஊருக்கு வேறு வேலை என்ன?

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது. பெற்றோலுக்குத் தடை, மருந்துக்குத் தடை, சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை. குண்டுக்கு மட்டும் தடையில்லை, அது தாராளமாக மேலேயிருந்து வந்தது. ஓட வழியில்லாத கார்களெல்லாம் சில்லுக் கழன்று கல்லில் ஏறின. சோமசேகரத்தின் தொழிலும் அதோடு படுத்தது. முற்றத்து மாமரத்துக்குப் பக்கத்தில் குண்டுக்கு ஒளிக்கிற பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டார். வீட்டில் எல்லாரும் இறங்கினார்கள், தர்மினி மட்டும் இறங்கவில்லை. இருட்டும் மண்ணும் ஆட்களின் நெருக்கமும் அவளுக்கு ஆகாது. இழுத்துக்கொண்டு இறங்கினால் கடித்துப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடுவாள். குண்டு போடுகிற பொம்மர் தலைக்கு மேல் சுற்றும்போது வெட்ட வெளியில் நின்று குதிப்பாள். அந்தப் பிள்ளை குண்டுக்குத்தான் போகப்போகிறது என்று குணலட்சுமி ஒவ்வொரு நாளும் பயந்தாள்.

அடுத்த ஒழுங்கையில் நேசையா மாஸ்ரர் இருந்தார். மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். பேரப்பிள்ளைகளுக்காக ஒரு காலம் நெடுந்தீவிலிருந்து மட்டக்குதிரை ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். குதிரை அவரோடு நின்றது. டொலி என்று பெயர். ஒருநாள் தர்மினியைக் காணவில்லை என்று தேடிப்போனால், டொலியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறாள். கத்தலும் இல்லை, ஆட்டமும் இல்லை. குணலட்சுமி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏன் பிள்ளை அழுகிறாய்? உது சாதுவான சீவன். ஏத்தி இருத்திப் பார்ப்பம்" என்றார் மாஸ்ரர்.

ஏற்றியபோது தர்மினி சிரித்தாள். ஆனால் அந்த முதுகு வழுக்கும், நடு எலும்பு குத்தும். இரண்டு அடி போவதற்குள் சரிந்து விழுந்தாள். மாஸ்ரர் பெட்டகத்திலிருந்து பழைய தோல் சேணத்தை எடுத்து வந்தார். அது கிட்ட வருவதற்குள் பிள்ளை ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள்.

"அவளுக்குத் தோல் ஆகாது மாஸ்ரர்."

"குதிரைக்கும் தோல்தானே பிள்ளை போர்த்திருக்கு?"

"அது உயிரோடை இருக்கிற தோல். உது செத்தது."

மாஸ்ரர் சிரித்தார். குணலட்சுமி சிரிக்கவில்லை. தோல் படாத ஒரு சேணம் வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

சொல்ல லேசு. யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் ஒரு ஊசி வாங்கவே தவம் கிடக்க வேண்டும். முதலில் சாக்குக்குள் வைக்கோல் அடைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் பிள்ளை தொடையைச் சொறிந்து இரத்தம் கண்டாள். பிறகு சோமசேகரம் தன் கைவரிசையைக் காட்டினார். மிச்சமிருந்த சிவப்பு ரெக்சினில், ஓரத்துக்குப் பைப்பிங் வைத்து, கலியாணக் காருக்குத் தைப்பதுபோலத் தைத்தார். வெயிலில் அது காலோடு ஒட்டியது, அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டது. தர்மினி அதைக் கிணற்றுக்குள் எறிந்தாள். மனுசன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தும்புக் கயிற்றால் வயிற்றுப்பட்டி கட்டிப் பார்த்தார்கள். குதிரைக்கே புண் வந்தது. இரும்பு வளையம் கிணுங்கினால் பிள்ளை காதைப் பொத்தினாள். கடைசியில் மரத்தால் சட்டம் செய்து, பழந்துணி சுற்றி, எல்லாம் சரி என்று நினைத்துக் கொண்டு போனால், அவள் மூக்கை வைத்துவிட்டு ஓடுகிறாள். தோல் எங்கே இருக்கிறது இதில்? ஒருவருக்கும் விளங்கவில்லை. மாஸ்ரர்தான் தலையில் அடித்துக்கொண்டார். தச்சன் மரத்தை ஒட்டியது வச்சிரத்தால். வச்சிரம் என்றால் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை.

"எங்கடை மூக்கெல்லாம் மூக்கில்லை, சும்மா கண்ணாடி போடத்தான்" என்றார் சோமசேகரம். குணலட்சுமிக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அவளே தனியாக இருந்து யோசித்தாள். மரம் வேண்டாம், பசை வேண்டாம், இரும்பு வேண்டாம். தோய்த்துத் தோய்த்துப் பூப்போலாகிவிட்ட தன் நூல் சேலைகள் இரண்டை மடித்தாள். இலவம்பஞ்சைக் கொட்டை பார்த்துப் பிரித்து அடைத்தாள். தையல் முடிச்சு உடம்பில் படாமல் உட்பக்கம் வைத்துக் கையாலேயே தைத்தாள். வயிற்றுப்பட்டிக்கு, கல்லில் ஏறிக் கிடந்த ஒரு காரிலிருந்து சீற் பெல்ற்றை வெட்டி வந்தார் சோமசேகரம். அதற்கும் துணி உறை. கொளுவி இல்லை, நாடாதான். கடிவாளமும் வாய்க்கு இரும்பில்லாமல், நூலைத் திரித்துப் பின்னியதுதான். தர்மினி அதைத் தடவினாள். கன்னத்தில் வைத்தாள். ஏறி இருந்தாள்.

அந்த ஒன்றரை வருசம்தான் அந்த வீட்டின் நல்ல காலம். விடிந்ததும் தர்மினி டொலியில் ஏறித் தோட்டத்து ஒழுங்கையால் போவாள். தகப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டுகிற சனம் நிமிர்ந்து பார்த்து, "மகாராணி எங்கை போறா?" என்று கேட்கும். மகாராணி திரும்பியும் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் அவள் குதிரையில் இருக்கும்போதே பொம்மர் வந்துவிட்டது. சோமசேகரம் நாடாவை அவிழ்த்துச் சேணத்தையும் பிள்ளையையும் சேர்த்து இறக்கினார். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சேணத்தைப் பங்கருக்குள் எறிந்தார். தர்மினி அதன் பின்னாலேயே இறங்கினாள். அதில் குப்புறப் படுத்து, குண்டு விழுந்து மண் உதிரும்போதும் அசையாமல் கிடந்தாள். அன்றிலிருந்து சேணம் முதலில், பிள்ளை பின்னால். அந்தப் பயம் வீட்டை விட்டுப் போனது.

தொண்ணூற்றிரண்டில் டொலி வயிறு ஊதிச் செத்தது. மருந்து கிடைக்கவில்லை. மாஸ்ரர் தன் வளவிலேயே புதைத்தார். தர்மினி நாள் முழுக்க அந்த மண்ணைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து சேணத்தில் படுத்தாள். நெடுந்தீவுக்குப் போய் இன்னொரு குதிரை கொண்டுவர வழியில்லை, கடல் முழுக்க நேவி. ஆனாலும் சேணம் இருந்தது. பொம்மர் வந்தால் பிள்ளை இறங்கினாள். அதே வருசம் குணலட்சுமிக்கு ஒரு மகனும் பிறந்தான்.

அடுத்த ஆவணியில் மாமனார் பொன்னம்பலம் கண்ணை மூடினார். வயது போய்ப் பாயில் கிடந்து செத்த சாவு, அந்தக் காலத்தில் அதுவே ஒரு கொடுப்பினை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அஸ்தியோடு கீரிமலைக்குப் போக முடியாது, அங்கே ஆமி. ஐயர் திருவடிநிலைக் கடற்கரைக்கு வரச் சொன்னார். சோமசேகரம் ஆம்பிளைகளோடு விடியவே சைக்கிளில் போனார். வீட்டில் பெண்கள் சாவுத் தீட்டான துடக்கைக் கழிக்கத் தொடங்கினார்கள். கழுவாத சுவரில்லை, தோய்க்காத துணியில்லை. சோமசேகரத்தின் மாமி சிவக்கொழுந்து முன்னுக்கு நின்று எல்லாரையும் ஏவினார். சவர்க்காரம் ஏது? பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் தோய்த்தார்கள்.

மாமி பங்கரடியில் நின்று கூப்பிட்டார். "எடி பிள்ளை, உதுக்குள்ளை கிடக்கிற துணி என்ன? குதிரை நாத்தம் நாறுது."

"அது தர்மினியின்ரை, மாமி."

"ஆரின்ரையெண்டால் என்ன, துடக்கு வீட்டுத் துணிதானே? ஒண்டை விட்டாலும் கழிச்சதாகாது. செத்த மனுசன் உன்ரை மாமன்."

கெட்ட மணம் பிள்ளைக்கு ஆகாது என்று வச்சிரத்தில் படித்தவள் குணலட்சுமி. நல்ல மணம் என்று ஒன்று இருப்பதைப் படிக்கவில்லை. அவளுக்குத் தன் சேலையின் மெதுமையில்தான் நம்பிக்கை. அதைத்தானே பிள்ளை கன்னத்தில் வைத்தாள்? துணி துணிதானே, நாற்றம் போனால் இன்னும் நல்லது என்று நினைத்துத் தானே இறங்கி எடுத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் சோமசேகரம் வந்தார். கொடியில் சேணம் தொங்கியது, வெள்ளையாக. தர்மினி அதன் முன்னால் நின்று ஒருமுறை முகர்ந்தாள். மறுபக்கம் போய் முகர்ந்தாள். பிறகு நிலத்தில் விழுந்து தலையை அடித்துக்கொண்டாள்.

சோமசேகரம் சேணத்தைக் கொண்டு போய் மாஸ்ரரின் வெறும் லாயத்து மண்ணில் புரட்டினார். வண்டில் மாட்டின் முதுகில் கட்டி விட்டுப் பார்த்தார். பிள்ளையை ஏமாற்ற முடியவில்லை. டொலியின் மணம் போய் அது வெறும் துணியாகிவிட்டது.

"இஞ்சாரும், பொம்மர் வந்தால் நீர் சின்னவனோடை இறங்கும். நான் இவளோடை வெளியிலை நிக்கிறன்" என்றார்.

"நான் நிக்கிறன். நான்தானே குடுத்தனான்."

"சின்னவனுக்குப் பால் குடுக்கிறது நானே? இறங்கும்."

கார்த்திகையில் ஒருநாள் காலமை பொம்மர் வந்தது. குணலட்சுமி மகனோடு இறங்கினாள். வெளியே தர்மினியின் கத்தல் கேட்டது. "ஓம் ராசாத்தி, ஓம்" என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை, காது அடைத்துப்போயிற்று. மேலே ஏறி வந்தபோது மாமரத்தின் கொப்புகள் முற்றம் முழுக்கக் கிடந்தன. தர்மினி வேலிக் கரையில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள், மேலில் ஒரு கீறல் இல்லை. குண்டு விழுந்த பக்கத்துக்கும் அவளுக்கும் நடுவில் சோமசேகரம் கிடந்தார். பிள்ளையைத் தொடாமல், தொட்டால் அவள் ஓடுவாள் என்று தெரிந்து, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

செத்தவீடு அவசர அவசரமாக முடிந்தது. மறுநாள் சிவக்கொழுந்து மாமி அவருடைய உடுப்புகளை வெளுக்கப் போடுவதற்காகச் சேர்த்தார். அறைச் சுவரில் ஆணியில் வேலைச் சேட்டு ஒன்று தொங்கியது, சாகிறதுக்கு முதல்நாள் போட்டுக் கழற்றியது. அதன் கீழே தர்மினி நின்றாள். சேட்டின் நுனியை இழுத்து முகத்தில் மூடிக்கொண்டு, அமைதியாக.

மாமி கை நீட்டினார்.

"அதிலை கை வையாதேங்கோ மாமி."

"துடக்கு, பிள்ளை. அவன்ரை ஆத்மா சாந்தியடைய வேண்டாமே?"

"அந்த மனுசன் தகப்பனுக்குத் தண்ணி வார்க்கப் போன நேரம்தான் நான் சேணத்தைத் தோய்க்கக் குடுத்தனான். துடக்குக் கழிச்சுத்தான் அவரைச் சாகக் குடுத்தனான். இனி ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். இது தோய்க்கிறேல்லை."

மாமி வாயில் அடித்துக்கொண்டு போனார். ஊர் மறுபடி படலையடியில் நின்று கதைத்தது. அந்தச் சனியன் பிடித்த பொம்மரும் மறுபடி வந்தது. குணலட்சுமி சேட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பங்கருக்குள் போட்டாள். தர்மினி இறங்கினாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு தாயும் இறங்கினாள்.

சேட்டில் இருந்த மணம் எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பொம்மர் போனதும் அதை மடித்து, மூடிபோட்ட தகரப் பெட்டிக்குள் வைத்தாள். அவளுக்கும் அவருடைய மணம் வேண்டியிருந்தது. சில வேளைகளில் பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் இருப்பாள். ஆனால் ஒருநாளும் அந்தச் சேட்டை எடுத்துத் தன் முகத்தில் வைக்கவில்லை. தன் கண்ணீரும் வேர்வையும் அடுப்புப் புகையும் அதில் ஏறிவிட்டால், பிள்ளை இறங்கமாட்டாள்.