திருவேங்கடம் பெட்டியைப் பாட வைத்தது

புதுப்பட்டினத்தில் குடியிருந்த திருவேங்கடம், இலவசம் என்பதற்காக லினக்ஸைப் பிடித்துக்கொண்டவரல்லர், சுதந்திரம் என்பதற்காக. அந்தச் சுதந்திரத்தை மனைவி பார்வதத்தைக் கேட்காமலே வீட்டுக் கணினியில் நிறுவினார். அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த விண்டோஸ் அன்றோடு ஒழிந்தது. பாட்டும் ஒழிந்தது. "சவுண்டு கார்டு இன்னும் ஒத்துழைக்கல" என்றார், சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

2003இல், குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு யாரும் கேட்காத ஒரு வாக்கைக் கொடுத்தார். "கேசட்டெல்லாம் எதுக்கு? கோலாட்டத்துக்கு நம்ம லினக்ஸ் பாடும்."

கோலாட்டத்தில் முன்வரிசை பார்வதம்தான். "அது பாடலைன்னா அத்தனை பொம்பளைங்களும் கோலைத் தூக்கிக்கிட்டு நிக்கணும்" என்றாள்.

"கெர்னல்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதுக்குப் பாடத் தெரியுமா?"

கையேட்டின் முதல் பக்கத்தை அவர் படிக்கவில்லை. முதல் பக்கம் குமாஸ்தாக்களுக்கானது என்பது அவர் கொள்கை. நேரே லினக்ஸின் உட்கருவான கெர்னலைப் பிரித்து மறுபடி கட்டினார். ஊமையாகவே இருந்தது. மறுபடி பிரித்தார். கதவு திறக்கவில்லையென்றால் தாழ்ப்பாளைப் பார்ப்பது சாமானியர் வழக்கம். இவர் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

விழாவன்று கணினி மேடையேறியது. அறிவிப்பும் தாமே செய்வதாக அதில் ஒரு மைக்கையும் செருகியிருந்தார். பெண்கள் கோலோடு வரிசையில் நின்றார்கள். சத்தமில்லை.

மைக்செட் சின்னராசு எட்டிப் பார்த்தான். "இன்னா சார், பொட்டி மௌன வெரதமா கீது?"

வேறு வழியின்றி, யாரும் பார்க்காதபடி, அந்த முதல் பக்கத்தைத் திறந்தார். நிறுவியவுடன் ஒலி வழிகள் எல்லாம் மூடியே இருக்கும், வேண்டியதைத் திறந்துகொள்ளவும் என்றிருந்தது. வேண்டியதை மட்டும் திறப்பது அவர் அந்தஸ்துக்குப் போதுமா? எல்லாவற்றையும் திறந்து முழு அளவில் ஏற்றினார், மைக் உட்பட.

ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. சின்னராசு ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான். "யம்மா, நீங்க ஆடுங்கோ!" என்று தன் கேசட்டைப் போட்டான். ஆடினார்கள். பார்வதம் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

திருவேங்கடம் சங்கச் செயலாளர் ஜெபசிங்கைத் தேடிப் போனார். "சத்தம் வந்துச்சா இல்லையா?"

"கடற்கரை வரைக்கும் வந்துச்சு சார்."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பார்வதம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிவந்தாள். அவர் அதைப் பார்க்காததுபோல் நடந்துகொண்டார். அதில் பாட்டு ஓடும்போது மட்டும், விசிறிச் சத்தம் இடைஞ்சலென்று கணினியை நிறுத்திவைத்தார்.